ஹவுத் மழைக்காலம்

யாழ்ப்பாணத்துக்காரனான எனக்கு ஊர் என்றால் ஒரு கிணறு, ஒரு வேலி, உறுதியில் எழுதிய காணி. லண்டனில் என்னோடு இரவு வேலை செய்த சோமாலியப் பெரியவர் ஏங்கியதோ சோமாலிய-எதியோப்பிய எல்லையை ஒட்டிய ஹவுத் மேய்ச்சல் வெளிக்காக. அந்தக் காலத்தில் அங்கே வற்றாத நீர் கிடையாது. மழை விழுந்தால் புல் முளைக்கும்; ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு தெற்கே போவார்கள். காய்ந்ததும் வடக்கே புராவோ நகரப் பக்கத்துக் கிணறுகளுக்குத் திரும்புவார்கள். இந்தப் போக்கும் வரத்தும் சேர்ந்ததுதான் அவர் ஊர்.

இளையவர்கள் அவரை ‘அதீர்’ என்பார்கள். அப்பாவின் சகோதரர் முறை. நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒட்டகப் பால் பற்றிப் பேச்செடுத்தால் போதும், அவர் கைகள் தானாகக் குவிந்து ஒரு கலத்தைப் பிடிக்கும். வேர்நாரால் இறுக்கிப் பின்னிய கலம். உள்ளே கங்கு போட்டுப் புகை ஏற்றுவார்களாம். அந்த மணம் ஏறாத பால் பாலே அல்ல என்பார். தேத்தண்ணியில் கடைப் பாலை ஊற்றும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார்.

அவர் ஐசாக் குலம். மூதாதை ஷேக் இஷாக் அரேபியாவிலிருந்து கடல் தாண்டி வந்தவர் என்பது அவர்கள் மரபு. வரலாற்றாசிரியர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. ஷேக்கின் அடக்கத்தலம் சனாக் கடற்கரையில், மைத் என்ற சிற்றூரில் இருக்கிறது. தகப்பன், பாட்டன், பூட்டன் என்று அந்த ஷேக் வரை அதீர் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். எல்லாம் ஆண் பெயர்கள். ஆனால் ஹபர் அவல், ஹபர் யூனிஸ், ஹபர் ஜெலோ என்ற பெருங்கிளைகளின் பெயரில், ‘ஹபர்’ என்ற சொல்லில், ஒரு தாய் இருக்கிறாள். அவர் ஒப்பிப்பது வெறும் பெருமைக்கான பட்டியல் இல்லை. ஒருவன் ஓர் ஆணைக் கொன்றுவிட்டால் வழக்கப்படி ஈடு 100 ஒட்டகம். கிளையே கூடிக் கட்டவேண்டும். எங்கள் சொந்தக்காரர் கலியாணத்துக்குக் கூடுவதே பெரிய காரியம்.

எதியோப்பியாவோடு செய்த 1897 உடன்படிக்கையைக் காட்டி, 1954இல் அப்போது அங்கே ஆட்சி நடத்திய பிரிட்டன் ஹவுத்தை எதியோப்பியாவிடம் விட்டுக்கொடுத்தது. மேய்க்கும் உரிமை மட்டும் தாளில் இருந்தது. சோமாலிய அரசியல் தலைவர் மைக்கேல் மரியானோ முதலியோர் லண்டன்வரை போய் முறையிட்டும் பலனில்லை.

1988 மே கடைசியில் புராவோவிலும் ஹர்கெய்சாவிலும் கிளர்ச்சியாளருக்கும் சோமாலிய அரசுக்கும் சண்டை மூண்டது. சர்வாதிகாரி சியாத் பாரேயின் விமானங்கள் ஹர்கெய்சா விமான நிலையத்திலிருந்தே கிளம்பி அந்த நகரத்தின்மேலேயே குண்டு போட்டன. லட்சக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி ஓடினார்கள். ஓடிய இடம் அதே ஹவுத்தான். பாட்டன் ஒட்டகம் மேய்த்த மண்ணில், ஹர்த்தஷேக் முகாமில், பேரனுக்கு அகதி என்று பெயர் பதிந்தார்கள். அதீரும் அப்படிப் பதியப்பட்டவர்தான். அந்த முகாமை 2004இல் மூடிவிட்டார்கள்.

1954இன் அந்தக் கையெழுத்து விழுந்ததும் லண்டனில்தான். மேய்ப்பவனைக் கேட்காமல் மேய்ச்சல் நிலத்தைக் கொடுத்தது அநியாயம். அதற்கு வேறு பெயர் வைக்க என்னால் முடியாது.