காறையும் சாவியும்

உடற்கூற்றியலைக் கற்கத் தொடங்கும் மாணவரை முதலில் அச்சுறுத்துவது உடல் அன்று, பெயர்களே. வளர்ந்த மனிதனுக்கு எலும்புகள் 206. அவற்றின் பெயர்களோ பெரும்பாலும் இலத்தீனமும் கிரேக்கமும். செம்பவாங்கிலிருந்து இயோ சூ காங் வரை ரயிலில் சென்று நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமை பயிலும் தமிழ் மாணவி, வழியெல்லாம் அவற்றை உருப்போட வேண்டியிருக்கிறது. பொருளறியாது ஏற்றிய சொல் தேர்வுக்குப் பின் எத்துணை நாள் தங்கும்?

கிளாவிக்கிள் என்னும் எலும்பையே எடுத்துக்கொள்வோம். கழுத்தடியில், மார்பெலும்புக்கும் தோளுக்கும் இடையே கிடப்பது அது. கையை உடலின் நடுக்கூட்டோடு எலும்புவழி இணைப்பது அஃது ஒன்றே. விழும்போது எளிதில் முறிவதும் அதுவே. இலத்தீனில் அப்பெயருக்குச் சிறு சாவி என்று பொருள். கையை உயர்த்துங்கால் அவ்வெலும்பு, பூட்டினுள் சாவி போலத் தன் அச்சில் திரும்புகின்றது. தமிழ்ப் பாடநூல்கள் அதனைக் காறை எலும்பு என்கின்றன. காறை, கழுத்தில் அணியும் அணிகலன். ஒரு பெயர் அசைவைக் காட்டுகின்றது. மற்றது இருப்பிடத்தைக் காட்டுகின்றது. உடலியங்கியலும் உடற்கூற்றியலும் இவ்விரு சொற்களுக்குள் அடங்கிவிட்டன எனலாம். முழங்காலின் முன்னெலும்பை இலத்தீன் சிறு தட்டாகக் கண்டது. தமிழ் சில்லாகக் கண்டது. பாண்டி ஆடிய பிள்ளைக்கு அதனை விளக்கவும் வேண்டுமோ?

இம்முயற்சி புதிதன்று. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். கிரே முதலியோரின் நூல்களைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-இல் வெளிவந்தது. அத்தலைப்பே இன்றைய மாணவர்க்கு இலத்தீனம் போல் ஒலிக்கும் என்பது வேறு செய்தி.

சிங்கப்பூரில் மருத்துவக் கல்வி 1905-இல் தொடங்கிய நாள்தொட்டு ஆங்கிலமே அதன் மொழி. மாணவி விடைத்தாளில் கிளாவிக்கிள் என்றுதான் எழுதவேண்டும், அதில் குறையொன்றுமில்லை. ஆனால், நோயாளியின் படுக்கையருகே நிலைமை வேறு. செம்பவாங் கடற்படைத் தளத்தில் இளமையில் உழைத்து, 1971-இல் பிரிட்டிஷ் படைகள் விலகிய பின்னும் அவ்வட்டாரத்திலேயே தங்கிவிட்ட தமிழ் முதியவர் ஒருவர், குளியலறையில் வழுக்கி விழுந்து வந்திருக்கிறார் என்று கொள்வோம். எது முறிந்தது என்று அவர் கேட்கிறார். காறை எலும்பு என்ற கலைச்சொல்லும் அவருக்குப் புதியதாயிருக்கலாம். ஆயினும் தம் பாட்டி அணிந்த காறையை அவர் அறிவார். அச்சொல் செவியில் விழுந்ததும், நலமாயிருக்கும் கை தானே கழுத்தடிக்குச் செல்லும்.