வெறுங்கையோடு நடப்பது

ஒகேனக்கலுக்கு மேலே காட்டோரம் ஓடும் ஒற்றையடிப் பாதைகள் பெரும்பாலும் பெண்கள் நடந்து நடந்து உண்டானவை. விறகுக்கு, தண்ணீருக்கு, ஆடு ஓட்ட. குடமும் கட்டுமாய் நான் நடந்த காலத்தில் என்னை யாரும் நிறுத்திக் கேட்டதில்லை.

ஃப்ளூரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துவந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. எங்கள் தெருவுக்கும் குழாய் வந்தது. இடுப்பிலிருந்து குடம் இறங்கியது.

அதன்பின் ஒரு மாலை, வெறுங்கையோடு அதே பாதையில் நடந்தேன். மூன்று பேர் மறித்தார்கள்.

"எங்கம்மா தனியா?"

"சும்மாதான் அண்ணா, நடக்க."

"யானை வரும், வீட்டுக்குப் போம்மா."

விறகு சுமந்தபோதும் யானை இருந்தது. அப்போது யாரும் அதைச் சொல்லவில்லை.

பிரான்சில் 1947 முதல், மலையும் வயலும் கடக்கும் நெடும்பாதைகளில் வெள்ளை, சிவப்புக் கோடு தீட்டி வழி காட்டுகிறார்கள். நடப்பதற்காகவே நடப்பவர்களுக்கான கோடு அது. எங்களுக்கு வழி தெரியும், கோடு வேண்டாம். பரிசல் துறையில் காற்று வாங்கும் ஆண்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. அந்தக் கேட்காமைதான் எங்களுக்கும் வேண்டும்.

இப்போது ஞாயிறுகளில் நாங்கள் ஐந்து பெண்கள் நடக்கிறோம். சுமை எதுவும் இல்லை.