மேலிருந்து அறையும் காற்று

அலங்காநல்லூர் பக்கம் வாழை போடும் அந்த விவசாயிக்குக் காற்றுச் சேதம் புதிதல்ல. சித்திரையில் இடியோடு கோடை மழை வந்தால் போதும், கால் மணி நேரச் சூறையில் குலை தள்ளிய மரங்கள் முறிந்து கிடக்கும். மேற்குக் காற்றுக்கு ஏற்றபடி சவுக்குக் கழியால் முட்டுக் கொடுத்து வைப்பார்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தது. வேதாரண்யம் பக்கம் மகளைக் கொடுத்திருந்தார். போன் போகவில்லை. நாலாம் நாள் பஸ் மாறி, லாரி மாறிப் போய்ச் சேர்ந்தார். பேரப்பிள்ளைகள் நலம், தோப்புதான் இல்லை. "வாங்க சம்பந்தி" என்றவர் அதற்குமேல் பேசவில்லை.

தென்னைகள் சில தெற்கே பார்த்தும், பல வடக்கே பார்த்தும் விழுந்து கிடந்தன. மருமகன் சொன்னார்: "முதல்ல வடக்கேருந்து அடிச்சுச்சு மாமா. அப்புறம் அடங்கிப்போச்சு. முடிஞ்சதுன்னு வெளிய வந்தோம். தெக்கேருந்து திரும்பி அடிச்சதுலதான் எல்லாம் போச்சு."

அடங்கியது புயலின் கண். அதைச் சுற்றியுள்ள மேகச் சுவரில்தான் காற்று உக்கிரம். நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், கண் கடந்ததும் திசை தலைகீழாகிறது. வேர் ஆட்டம் கண்ட மரம் இரண்டாவது அடிக்குத் தாங்காது.

கரை கடந்தபோது வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர், இடையிடையே 140 என்றது வானிலைத் துறை. அந்த 'இடையிடையே'தான் வில்லங்கம். தரையில் மரமும் வீடும் காற்றைத் தடுக்கின்றன. அரை கிலோமீட்டர் உயரத்தில் தடை இல்லை, வேகம் அதிகம். கொட்டும் மழையும் சுழிகளும் அந்த மேல்காற்றைத் திடீரெனக் கீழே இறக்கி அறைகின்றன.

1987 அக்டோபர் 16 அதிகாலை தெற்கு இங்கிலாந்தில் ஒரு புயல் சுமார் ஒன்றரைக் கோடி மரங்களைச் சாய்த்தது. அது குளிர்நாட்டுப் புயல், ஜாதியே வேறு. அதில் நாலைந்து கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு காற்றோட்டம் சரிந்து இறங்கியதாக ஆய்வாளர்கள் பிற்பாடு கண்டார்கள். மேக வால் தேள் கொடுக்குப்போல் வளைந்திருக்கும் இடத்தில் இறங்குவதால் அதற்கு 'ஸ்டிங் ஜெட்' என்று பெயர். போகும் வழியில் ஈரம் ஆவியாகி, காற்று குளிர்ந்து கனத்து, இன்னும் வேகமாக விழுகிறது.

சித்திரைச் சூறையும் அப்படித்தான். மழைத்துளி வறண்ட காற்றில் ஆவியாகிக் குளிரும். கனத்த காற்று தரையில் மோதி நாலாபக்கமும் சிதறும். மேற்கை மட்டும் பார்த்த முட்டு எப்படித் தாங்கும்?

பத்து நாள் இருந்து மரம் அறுத்துக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். அடுத்த சித்திரைக்குமுன் குலை தள்ளிய வாழைகளை நாலு பக்கமும் கயிறு போட்டு, ஒன்றோடொன்று இணைத்துக் கட்டினார். சம்பந்தி மறுபடியும் நெட்டைத் தென்னையே வைத்தார். காய்க்க ஆறேழு வருஷம்.