சக்கரத்தில் யார் உட்காருவது?

ஆரம்பாக்கத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "மண்பானைத் தொழிலை மீட்கணும்னு எல்லாரும் சொல்றாங்களே அக்கா, நாம போனா கத்துக் கொடுப்பாங்களா?"

எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

மண்பாண்டம் அழியக் கூடாது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அலுமினியமும் எவர்சில்வரும் வந்தபின் அது பொங்கல் பானை, கார்த்திகை அகல் என்று சீசன் வேலையாகிவிட்டது. மழை பிடித்தால் பானை காயாது, சூளையும் எரியாது. ஏரியில் களிமண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று அரசு எளிதாக்கியதே 2024இல்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போகும் குயவர் வீட்டுப் பையனை யார் குறை சொல்ல முடியும்?

ஆனால் 'மீட்பு' என்ற சொல்லையும் பானையைப் போலத் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், தோழர்களே. 1953இல் ராஜாஜி அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றார். எதிர்ப்பு வலுத்து, 1954இல் காமராஜர் முதல்வரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில் மண்பாண்டம் உட்பட 18 தொழில்கள். 5 சதவீத வட்டியில் 3 லட்சம் ரூபாய் வரை கடன். நல்லதுதான். ஆனால் குடும்ப வழித் தொழில் என்பதே அடிப்படை, வயது 18 ஆனால் போதும். பதினெட்டு, கல்லூரி வாசலில் நிற்கிற வயது! தமிழ்நாடு அரசு அதை ஏற்காமல் 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 தொழில்கள், குறைந்தபட்ச வயது 35, குடும்பத் தொழிலாக இருக்க வேண்டியதில்லை.

காகிதத்தில் கதவு திறந்துவிட்டது. ஊரில்? சேரிப் பிள்ளை வனைந்த பானையில் ஊர்த்தெருவில் பொங்கல் வைப்பார்களா? பேஷ்வா ஆட்சியில் புனேவில் தீண்டப்படாதவர் எச்சில் துப்பக் கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொள்ள வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936இல், 'சாதி ஒழிப்பு' உரையில் எழுதினார். பானை என்றால் எல்லோருக்கும் பாட்டி வீட்டுக் குளிர்ந்த தண்ணீர் நினைவுக்கு வருவதில்லை.

குயவர் வீடுகளிலும் இன்னொரு படிக்கட்டு உண்டு. பல ஊர்களில் மண் சுமப்பதும் பிசைவதும் பெண்கள். சக்கரத்தில் மட்டும் அவர்கள் உட்காரக் கூடாது.

அந்த மாணவியைப் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். நல்ல மனிதர். மோர் கொடுத்தார், நாங்கள் குடித்த சொம்பிலேயே தானும் குடித்தார். "வரட்டும்மா, முதல்ல மண்ணு மிதிக்கட்டும். சக்கரம் அப்புறம்" என்றார்.

"அப்புறம்னா எப்ப தாத்தா?" என்றாள்.

அவர் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டிருக்கிறாள். இன்னும் மண்தான் மிதிக்கிறாள்.