அடுப்படியில் கற்ற ஆங்கிலம்

1980 ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் நாம் ஆங்கிலத்தில் மட்டும் தோற்றோம். தேறுவதற்கு ஏழு மதிப்பெண் குறைந்தது. மீமிசல் போன்ற சிற்றூரில் இத்தகைய செய்தி தந்தியைவிட விரைவாகப் பரவும். லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குச் சென்றபோது, ஒளுச் செய்து கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நம்மை நிமிர்ந்து பார்த்து, "இங்கிலீசுதானாமே?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

அத்தா அப்போது சிங்கப்பூரில் ஓர் உணவுக்கடையில் சமையற்காரராக இருந்தார்கள். செய்தியறிந்து அவர்கள் எழுதிய கடிதத்தில் கடிந்துரை ஏதுமில்லை. ஆனால் அடுத்த மாதம் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பிரஷர் குக்கர் கொடுத்தனுப்பியிருந்தார்கள். பெட்டிக்குள், குக்கருடன் வழங்கப்படும் சமையற் குறிப்புச் சிறுநூல் ஒன்று ஆங்கிலத்தில் இருந்தது. "இதைப் படித்துச் சொல்லி உன் தங்கையைச் சமைக்கச் சொல். சோறு குழைந்தால் உன் இங்கிலீசு தப்பு" என்று சீட்டொன்றில் எழுதி அதனுள் வைத்திருந்தார்கள். அக்டோபர் தேர்வுக்கு மூன்று மாதங்களே எஞ்சியிருந்தன.

தங்கையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம்மைவிட இரண்டு வயது இளையவள். எட்டாம் வகுப்போடு அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அக்காலத்தில் நம் கரையோர ஊர்கள் பலவற்றில் வழக்கமாயிருந்த காரணமேதான், விளக்க வேண்டியதில்லை. வகுப்பில் அவள் முதல் மாணவி. தோற்ற நமக்கு மறுதேர்வும் புதுப் பேனாவும் கிடைத்தன. முதலாக வந்தவளுக்கு அடுப்படி கிடைத்தது. அந்நாளில் இது நமக்கு உறுத்தவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நாம் அடுப்படி வாசற்படியில் அமர்ந்து வாசிப்போம். தங்கை செய்வாள். அம்மியருகே அமர்ந்து நன்னி கேட்டுக் கொண்டிருப்பார்கள். முதல் நாளே நன்னிக்குக் கோபம் வந்துவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் நாம் பொருள் சொன்னோம்: "கழுவு. ஊறவை. வெட்டு. போடு. கிண்டு." நன்னி குறுக்கிட்டு, "யாருடா அவன்? ஊரான் வீட்டு அடுப்படிக்குள்ள வந்து இப்படி அதட்டுறான்!" என்றார்கள்.

நன்னி கேட்டது இலக்கணக் கேள்வி. தமிழ்ச் சமையற் குறிப்பு 'சேர்க்கவும்', 'கிளறவும்' என்று பணிவோடு கேட்டுக் கொள்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பணிவுக்குத் தனி உருபில்லை. 'ஆட்' என்றால் சேர், அவ்வளவே. ஆனால் அதிலேதான் கற்போனுக்குப் பெரிய சலுகை இருக்கிறது. ஏவல் வாக்கியத்தில் எழுவாய் வெளிப்பட நிற்பதில்லை. அதனால் எழுவாய்க்கேற்ப வினையை மாற்ற வேண்டியதில்லை. காலம் காட்ட வேண்டியதில்லை. நம்மைத் தேர்வில் கவிழ்த்த 'ஈஸ்', 'ஆர்', 'வாஸ்' எதுவும் வேண்டியதில்லை. தமிழில் நட, வா என்னும் பகுதியே ஏவலாக நிற்பது போல, ஆங்கிலத்திலும் வினையடி தனித்து நின்று ஆணையாகிறது. ஆறாம் வகுப்பு முதல் நாம் அஞ்சிய மொழி முதன்முதலாக நமக்குப் புரியும் வடிவில் வந்தது அன்றுதான்.

பெயர்ச் சொற்களில் சிக்கல் தொடங்கியது. வெங்காயத்துக்கு முன்னே 'ஆன்' வருகிறது, அரிசிக்கு முன்னே ஒன்றும் வருவதில்லை, ஏன்? பள்ளியில் எண்ணத்தக்கவை, எண்ணத்தகாதவை என்று மனப்பாடம் செய்திருந்தோம், விளங்கியதில்லை. தங்கை முறத்தில் அரிசியை வைத்துக் கொண்டே சொன்னாள்: "அண்ணே, எதைக் கையால எண்ணிப் போடுறோமோ அதுக்கு அது வருது. எதை உழக்கால அளந்து போடுறோமோ அதுக்கு வரலை." இதைவிடத் தெளிவாக எந்த ஆசிரியரும் நமக்கு விளக்கியதில்லை. மீன் மட்டும் எத்தனை வந்தாலும் பெரும்பாலும் 'ஃபிஷ்' என்றே நிற்பது, கடற்கரையில் பிறந்த எங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றியது.

ஒரு நாள் கறிக்குழம்பு செய்தோம். 'டென் குளோவ்ஸ் கார்லிக்' என்றிருந்தது. அகராதியில் 'குளோவ்' என்பதைத் தேடினோம், கிராம்பு என்றிருந்தது. 'கார்லிக்' வெள்ளைப்பூண்டு என்பது தெரியும். ஆகவே பத்துக் கிராம்பும், உடன் கொஞ்சம் பூண்டும் என்று தீர்ப்புச் சொன்னோம். தங்கை தயங்கினாள். "பத்தா?" என்றாள். "எழுதியிருக்கிறது" என்றோம். அன்று குழம்பை ஒருவரும் வாயில் வைக்க முடியவில்லை. நாக்கு மரத்துப் போயிற்று. பூண்டின் பல்லுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான் என்பது பின்னர்தான் தெரிந்தது. எழுத்து ஒன்றாயினும் பிறப்பு வேறு. கிராம்பைக் குறிப்பது ஆணி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பூண்டுப் பல்லைக் குறிப்பது பிளத்தல் என்னும் கருத்துடைய பழைய ஆங்கிலச் சொல். அகராதியின் முதற் பொருளோடு நின்றுவிடக் கூடாது என்பதை அந்தக் குழம்பு கற்பித்தது போல் நமக்கு வேறெதுவும் கற்பித்ததில்லை.

'ஒன் கப் குக்டு ரைஸ்' என்பதும் 'ஒன் கப் ரைஸ், குக்டு' என்பதும் நம் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. முன்னது ஒரு கோப்பைச் சோறு. பின்னது ஒரு கோப்பை அரிசியை வேகவைத்தது, அதாவது ஏறத்தாழ மூன்று கோப்பைச் சோறு. ஒரு காற்புள்ளி எத்தனை பேருக்குச் சோறு என்பதை மாற்றிவிடுகிறது! சொல் நிற்கும் இடமும் அப்படித்தான். தமிழில் 'பொன்னிறமாகும் வரை வறுக்கவும்' என்று எல்லை முன்னே வருகிறது. ஆங்கிலத்தில் 'ஃப்ரை' என்னும் ஆணை முன்னே வந்துவிட, எல்லை வால் போலப் பின்னே வருகிறது. வாக்கியத்தை முழுதும் படிக்காமல் ஆணையைக் கூவியதால் வெங்காயம் கருகிய நாள்கள் உண்டு.

சொல்வளத்தில் நமக்கொரு பெருமை ஏற்பட்டது. வறுத்தல், பொரித்தல், வதக்கல், தாளித்தல் என்று நம் அடுப்படிகளில் வகை வகையாகச் சொல்லுண்டு. ஆங்கிலம் வறுவலுக்கும் பொரியலுக்கும் 'ஃப்ரை' என்ற ஒன்றையே வைத்துக்கொண்டு, முன்னே அடைமொழி சேர்த்துச் சமாளிக்கிறது. வதக்கலுக்கு அருகில் வரும் 'ஸோட்டே' பிரெஞ்சிலிருந்து கடன் வாங்கியது. தாளித்தலுக்கு அந்நாட்டு மொழியில் நேர்ச்சொல்லே இல்லை. 'டெம்பர்' என்பது இந்திய ஆங்கிலம் தந்த வழக்கு. நறுக்கு, அரி, சீவு, துருவு, கொத்து என்பவற்றுக்கு மட்டும் அவர்களிடம் இணையான சொற்கள் உண்டு; அவற்றைத் தங்கை ஒரே நாளில் பொருத்திவிட்டாள். பொருள் அவள் கையிலேயே இருந்தது, பெயர்தான் புதிது.

அவள் அவற்றை எழுதி வைத்த முறைதான் வியப்பு. நன்னிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அரபுத் தமிழ் நன்றாகத் தெரியும். அவர்களிடம் கற்ற தங்கை, ஆங்கிலச் சொற்களின் ஒலியை அரபு எழுத்தில் ஓரங்களில் குறித்தாள். அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளி கூட்டி நம் முன்னோர் வகுத்த எழுத்துகளும் அவளுக்குக் கை கொடுத்தன. 'பாயில்', 'பீல்' இரண்டையும் தமிழில் ஒரே பகரத்தால் எழுதிய நாம், ஒலியை அடிக்கடி பிறழ்த்தினோம். அவளுக்கு 'பா' தனி, புள்ளியிட்ட எழுத்து தனி. 'ஃபா'வும் 'ஸா'வும் ஏற்கெனவே உண்டு. உச்சரிப்பில் அவள் நம்மை முந்தியதற்கு இதுவே காரணம்.

ஆங்கிலச் சமையலறைக்குள் அரபும் தமிழும் எப்போதோ நுழைந்துவிட்டன என்பதை நாம் பிற்காலத்தில்தான் அறிந்தோம். 'லெமன்' லைமூன்; 'சாஃப்ரன்' ஸஃபரான்; 'சிரப்', 'ஷெர்பெட்' இரண்டும் குடித்தல் என்னும் ஒரே அரபு வேரின் கிளைகள். புளி 'டாமரிண்ட்' ஆனது, இந்தியப் பேரீச்சை என்று பொருள்படும் தமர் ஹிந்தியிலிருந்து. சுக்கர் என்ற அரபுச் சொல்லே 'ஷுகர்' ஆயிற்று. அதன் மூலமும் நம் சர்க்கரையின் மூலமும் ஒன்றே. மிளகுத் தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆனதும், நோன்பில் நாம் பருகும் கஞ்சி 'காஞ்ஜி' ஆனதும் தமிழின் பங்கு. பக்தாதில் ஹிஜ்ரி 623, அதாவது கி.பி. 1226 இல் முஹம்மது இப்னுல் ஹஸன் அல்பக்தாதி தொகுத்த கிதாபுத் தபீக் என்னும் சமையல் நூலை, பின்னாளில் திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் தந்த ஆர்பெரி 1939 இல் மொழிபெயர்த்தார். ஹைதராபாத்திலிருந்து வந்த 'இஸ்லாமிக் கல்ச்சர்' இதழில் அது வெளியாயிற்று. நம்மிடையே எஸ். மீனாட்சி அம்மாள் 1951 இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' நூலின் பெயரும் ஏவலே. அது ஆங்கிலத்தில் 'குக் அண்ட் ஸீ' ஆயிற்று. தமிழில் அந்தப் 'பார்' முயன்று பார்த்தலைக் குறிக்கும் துணைவினை. ஆங்கிலத்தில் அது கண்ணால் காண்பதாகிவிட்டது. இலக்கணம் பயில்வோர்க்கு அப்பெயர் ஒன்றே ஒரு பாடம்.

செய்து கொண்டே கற்கும் இம்முறைக்கு அறிஞர்களும் பெயரிட்டிருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் ஏவல்களைக் கேட்டு உடலால் செய்வதன் வழியே மொழி கற்பிக்கும் முறையை ஆராய்ந்தார். நம் தென்னாட்டில் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பள்ளிகளில், இலக்கணத்தை நேரே கற்பிக்காமல் வேலைகளைக் கொடுத்து ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார். அவர் அதைச் சோதித்துக் கொண்டிருந்த அதே காலத்தில், ஒன்றும் அறியாத நாங்கள் மீமிசலில் கறிக்குழம்பைக் கெடுத்துக் கொண்டிருந்தோம்.

அக்டோபரில் நாம் தேறினோம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அத்தேர்வுக்கு முதல் வாரம் நடந்தது ஒன்று மறக்கவில்லை. பயிற்சிக்காக நோன்புக் கஞ்சி காய்ச்சும் முறையை இருவரும் ஆங்கிலத்தில் எழுதினோம். நாம் 'ஆட் லிட்டில் சால்ட்' என்று எழுதினோம். தங்கை 'ஆட் அ லிட்டில் சால்ட்' என்று எழுதியிருந்தாள். சிறுநூலில் எங்கும் அந்த 'அ' இருப்பதை அவள் கவனித்திருக்கிறாள். "அது இல்லாட்டி உப்புப் போடாதேன்னு சொல்ற மாதிரி ஆயிடாதா அண்ணே?" என்றாள். 'லிட்டில்' தனித்து நின்றால் போதாமையையும், 'அ' சேர்ந்தால் சிறிதளவு இருப்பதையும் குறிக்கும் என்று நாம் கல்லூரியில் கற்றது அதற்கு மூன்றாண்டு கழித்து.

அவளுக்கு 1985 இல் திருமணமாயிற்று; பின்னர் மச்சானுடன் துபாய் சென்றாள். 1989 இல் அவளிடமிருந்து வந்த கடிதம் நம்மிடம் இருக்கிறது. மச்சான் இரவு வேலைக்குச் சென்றிருந்தபோது குழந்தைக்குக் கடுங்காய்ச்சல். அடுத்த வீட்டு அம்மையார் அன்போடு ஓடிவந்து, மருந்துப் புட்டியைத் திறந்து பெரிய கரண்டியில் ஊற்றிவிட்டார். தங்கை கையைப் பிடித்து நிறுத்தினாள். புட்டியில் 'டீஸ்பூன்' என்றிருந்தது. அது 5 மில்லி. 'டேபிள்ஸ்பூன்' 15 மில்லி. சிறுநூலின் கடைசிப் பக்கத்தில் இருந்த அளவுப் பட்டியலை அவள் மனப்பாடமாகவே வைத்திருந்தாள். "மருந்துச் சீட்டும் நம்ம சமையல் புத்தகம் மாதிரிதான் அண்ணே பேசுது, குலுக்கு, கொடு, மூடி வைன்னு" என்று எழுதியிருந்தாள். அவள் அறியாமல் சொன்னது சரி. 'ரெஸிபி' என்பதே எடுத்துக்கொள் என்னும் லத்தீன் ஏவல். மருத்துவர் சீட்டின் தலைப்பில் காலில் கோடு கிழித்து எழுதும் 'ஆர்' எழுத்து அச்சொல்லின் சுருக்கமே. சமையலுக்கு அப்பெயர் மருத்துவத்திலிருந்து வந்தது.

அக்கடிதத்தைப் படித்த அன்றுதான் பழைய உறுத்தல் தொடங்கிற்று. அத்தாவிடம் ஒருமுறை கேட்டோம்: அவளையும் தேர்வு எழுத வைத்திருக்கலாமே? அத்தா நெடுநேரம் பேசவில்லை. "குக்கரை அனுப்பினபோது அவளையும் நினைச்சுத்தான் அனுப்பினேன். அதுக்கு மேல அன்னைக்கு எனக்குத் துணிவில்லை" என்றார்கள். நமக்கும் இருக்கவில்லை, நாம் கேட்டது ஒன்பதாண்டு தாழ்ந்து.

மஞ்சள் கறை படிந்த அச்சிறுநூல் இப்போது தங்கையிடமே இருக்கிறது. சென்ற நோன்பில் அவள் ஊருக்கு வந்திருந்தாள். அவளுடைய பேத்தி, வெளிநாட்டுத் தோழிக்கு அனுப்புவதற்காக நோன்புக் கஞ்சி செய்முறையைக் கைப்பேசியில் ஆங்கிலத்தில் எழுதி, பாட்டியிடம் வாசித்துக் காட்டினாள். தங்கை கஞ்சியைத் துழாவிக் கொண்டே கேட்டாள். உப்பு வந்த இடத்தில் அகப்பை நின்றது.

"அந்த 'அ' எங்கேம்மா?" என்றாள்.