பின்னச்சின் குரல்

வண்டியைத் தாங்குவது சக்கரம். சக்கரத்தைத் தாங்குவது அச்சு. மாட்டு வண்டியில் மரக்குடத்திற்கும் இருசுக்கும் இடையே, விளக்கெண்ணெயில் வைக்கோற்கரியைக் குழைத்த மையே உராய்வைத் தணித்தது. மை வற்றினால் வண்டி கிறீச்சிடும். வண்டிக்காரர் இறங்கி மையிடுவார், ஓசை அடங்கும். மோட்டார் காரில் அம்மையின் வேலையை எஃகுக் குண்டுகள் ஏற்றுக்கொண்டன. உள்வளையம் ஒன்று, வெளிவளையம் ஒன்று, இரண்டிற்கும் இடையே உருளும் குண்டுகள்; இவ்வமைப்பையே பேரிங் என்கிறோம். இது கெட்டால் மையிட்டுத் தீர்க்க இயலாது. கெட்டது இதுதானா என்று அறிவதும் எளிதன்று.

ருசிய நாட்டில் வால்கா ஆற்றின் கரையில் தொல்யாத்தி என்னும் நகரம் உள்ளது. இத்தாலிய நாட்டுப் பொதுவுடைமைத் தலைவர் ஒருவரின் பெயர் 1964-இல் அந்நகருக்குச் சூட்டப்பட்டது. ஈராண்டுகள் கழித்து, கார்த் தொழிற்சாலை ஒன்றை அங்கு அமைப்பதற்கு இத்தாலியின் பியட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆயிற்று. பெயரும் இத்தாலியிலிருந்தே வந்தது; காரும் அங்கிருந்தே வந்தது! பியட் 124 என்னும் காரைத் தழுவி 1970-இல் வெளிவந்த அவ்வண்டியை உள்நாட்டார் ஜிகுலி என்றனர். வெளிநாட்டார் லாடா என்றனர். கரடுமுரடான சாலைகளுக்கேற்பப் பின்சக்கரங்களின் தட்டு பிரேக்கை நீக்கி, டிரம் பிரேக்கைப் பொருத்தினர். அவ்வழி வந்த கார்கள் 2012 வரை உருவாயின. அவற்றை வைத்திருந்தோரில் பலர், தம் காரைத் தாமே பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள். அத்தகைய ஒருவரின் கார் பின்புறத்திலிருந்து முனகத் தொடங்கினால் அவர் என்ன செய்வார் என்று காண்போம்.

எஞ்சின் முன்னே இருக்க, அதன் ஆற்றல் நீண்ட தண்டின் வழியே பின்னச்சின் நடுவிலுள்ள டிபரன்ஷியலை அடைகிறது. அங்கிருந்து இடமும் வலமுமாக இரண்டு ஆக்சில் தண்டுகள் சக்கரங்களுக்குச் செல்கின்றன. ஒவ்வொரு தண்டின் வெளிமுனையிலும் ஒரே ஒரு பேரிங் உண்டு. அதன் துளை 30 மில்லிமீட்டர். வெளி விட்டம் 72 மில்லிமீட்டர். அகலம் 19 மில்லிமீட்டர். உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு பொருளே அப்பக்கத்துப் பாரத்தைச் சுமக்கிறது. அதைத் தண்டிலிருந்து நழுவாமல் காப்பது காலர் எனப்படும் எஃகு வளையம் ஒன்றே. அதற்கு மரையும் இல்லை, ஆணியும் இல்லை, இறுக்கமே அதன் வலிமை. பேரிங் சிதைந்தாலோ காலர் நழுவினாலோ, ஓடும் காரிலிருந்து தண்டும் சக்கரமும் சேர்ந்தே வெளியேறிவிடும். மனைவி மக்களோடு பனிபடர்ந்த சாலையில் செல்பவருக்கு இதனினும் பெரிய அச்சம் வேறு யாது? வெறும் இரைச்சல்தானே என்று வாளாவிருத்தல் தகாது.

ஆயினும் ஓசை கேட்டவுடன் கருவியை எடுத்தலும் தகாது. பின்னச்சின் குழாய் ஒலியைக் கடத்துவதில் வல்லது. வலப்புறத்துக் குறையை இடப்புறத்தில் எழுந்ததாகவே காட்டிவிடும். ஆகவே அவர் முதலில் காரை ஓட்டிப் பார்க்கிறார். வழவழப்பான சாலையில் ஓசை மாறினால் அது டயரின் ஓசை. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது எழுந்து, விடும்போது அடங்கினால் டிபரன்ஷியலின் பற்சக்கரங்களை ஐயுறலாம். வேகம் ஏறும்போது ஏறி, நியூட்ரலில் உருளவிட்டாலும் நீங்காமல், வேகம் குறையுந்தோறும் தாழ்ந்து வரும் முனகலே பேரிங்கின் குரல். கார் இடப்புறம் வளையும்போது பாரம் வலச்சக்கரத்தின்மேல் சாயும். அப்போது முனகல் மிகுமாயின், குறை வலப்பக்கமாதல் கூடும்.

பின்னர் முன்சக்கரங்களுக்குக் கட்டையிட்டு, பின்புறத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிகளின்மேல் இருத்துகிறார். கியரை நியூட்ரலில் வைத்துக் கையாலேயே சக்கரத்தைச் சுழற்றுகிறார். மற்றொரு கையின் விரல்கள் சுருள்வில்லின்மேல் இருக்கின்றன. செவிக்கு எட்டாத நறநறப்பையும் அவ்வில் விரலுக்கு உணர்த்திவிடும். இறுதியாகத் தண்டை உள்ளும் புறமும் அசைத்துப் பார்க்கிறார். அசைவு 0.7 மில்லிமீட்டரைக் கடந்தால் ஐயம் நீங்கியது.

கழற்றும் வேலை பெரிதன்று. சக்கரத்தையும் டிரம்மையும் எடுத்தபின், தண்டின் முகப்பிலுள்ள துளைகளின் வழியே ஸ்பேனரை நுழைத்து நான்கு நட்டுகளைக் கழற்ற வேண்டும். தண்டு வெளிவர மறுக்கும். அதற்கு ஓட்டுநர்கள் கண்ட உபாயம் ஒன்று உண்டு. டிரம்மையே தலைகீழாகத் திருப்பி, சக்கரப் போல்ட்டுகளால் தளர்வாக மாட்டி, அதனைச் சம்மட்டிபோல் தம்பக்கம் இழுத்து மோதுவர். நாலைந்து மோதலில் தண்டு பேரிங்கோடு வந்துவிடும்.

பழைய காலரை மீண்டும் பயன்படுத்துதல் கூடாது. அதில் அரத்தால் பள்ளமிட்டு உளியால் பிளப்பர். உளி தண்டைத் தீண்டாதபடி காத்தல் வேண்டும். புதியதைப் பூட்டுவதில்தான் நுட்பம் மிகுதி. பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் தகட்டினைத் தண்டில் முதலில் கோத்துவிட வேண்டும். அதை மறந்து காலரை ஏற்றியவர், புத்தம் புதிய காலரையே மறுபடியும் பிளக்க நேரும்! பேரிங்கை ஏற்றும்போது உள்வளையத்தின்மேல் மட்டுமே அடி விழ வேண்டும். வெளிவளையத்தில் அடித்தால் அவ்வடி குண்டுகளின் வழியே பாய்ந்து, அவை ஓடும் பாதையைக் குழியாக்கும். ஓசையை நீக்க வந்தவர் ஓசையையே பூட்டியவர் ஆவார்.

காலரையோ ஏறத்தாழ 300 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்ற வேண்டும். வெப்பமானி இல்லாதவருக்கு எஃகின் நிறமே வழிகாட்டி. துலக்கிய எஃகு முதலில் வைக்கோல் நிறமாகி, ஊதாவாகி, நீலமாகும். நீலம் படரும்போது அதன் துளை ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் விரிந்திருக்கும். அந்த இடைவெளி நெடுநேரம் நில்லாது. இடுக்கியால் எடுத்துத் தயங்காமல் தண்டில் இறக்கி, பேரிங்கோடு ஒட்ட வைத்துவிட வேண்டும். குளிர்ந்ததும் அது தண்டை இறுகப் பற்றிக்கொள்ளும்.

ஆயில் சீலையும் உடன் மாற்றுவது நன்று. பின்னச்சினுள் இருக்கும் 1.3 லிட்டர் எண்ணெய் அச்சீல் வழியே கசிந்தால், பிரேக் கட்டைகளை நனைத்து அவற்றின் பிடிப்பைக் கெடுக்கும். ஆதலின் எல்லாம் பூட்டிச் சில கிலோமீட்டர் ஓட்டித் திரும்பியதும், முனகல் நின்றதென்று மகிழ்ந்து அவர் உள்ளே சென்றுவிடுவதில்லை. சக்கரத்தின் பின்னே குனிந்து, டிரம்மை மூடிய தகட்டின் அடியில் விரலை ஓட்டிப் பார்க்கிறார். விரலில் புழுதி ஒட்டுகிறது; எண்ணெய் இல்லை.