வேண்டாத பூனைகளும் வீகன் வீடுகளும்

பிரிட்டனில் டொனால்டு வாட்சனும் நண்பர்களும் 1944-இல் தொடங்கிய வீகன் சங்கம், இறைச்சியோடு பால், முட்டையையும் விலக்கியது. கைவிடப்பட்ட பூனைகளுக்கு வீடு தேடித் தரும் ‘கேட்ஸ் புரொடெக்‌ஷன்’ அதற்கும் மூத்தது, 1927-இல் தொடங்கியது. விலங்கை விலைக்கு வாங்க மறுக்கும் வீகன்களில் பலர், ஆதரவற்றதைத் தத்தெடுப்பதை ஏற்கிறார்கள்.

சிக்கல் உணவுக் கிண்ணத்தில்தான். பூனை இறைச்சியுண்ணி. டாரின் என்ற அமினோ அமிலத்தை அதன் உடல் போதிய அளவு உருவாக்காது. குறைந்தால் விழித்திரை சிதையும், இதயத் தசை தளரும். கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ தயாரிக்கவும் அதற்கு இயலாது. செயற்கை டாரின் சேர்த்த தாவரத் தீவனம் விற்பனையில் உண்டு; அது போதுமா என்பதில் கால்நடை மருத்துவர்களிடையே இன்னும் ஒத்த கருத்தில்லை. (பூனையைக் கேட்டால் தயங்காமல் சொல்லும்.) வீட்டுச் சோறும் பருப்பும் மட்டும் நிச்சயமாகப் போதாது.

பூனையைப் புது வீட்டுக்குத் தரும் முன் தடுப்பூசி, கருத்தடை முக்கியம். நான்கு மாதத்திலேயே பூனை சினைப்பிடிக்கக்கூடும். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல், 20 வாரம் ஆவதற்குள் வளர்ப்புப் பூனைக்கு மைக்ரோசிப் பொருத்துவது கட்டாயம். தவறினால் 500 பவுண்டு வரை அபராதம். கைமாறும்போது புதிய உரிமையாளரின் முகவரியைச் சிப் பதிவேட்டில் மாற்ற வேண்டும். புது வீட்டில் முதல் சில வாரங்கள் பூனையை வெளியே விடுவதில்லை.